புரட்டக் கூடாத முட்டை: வளர்ப்புக் கார்ன் பாம்பின் முட்டைகளைப் பத்திரமாகப் பொரிக்க வைக்கும் முறை

கோழியை அடை வைத்துப் பழகிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, முட்டை என்றாலே அவ்வப்போது புரட்டிவிட வேண்டிய பொருள் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும். அடையில் அமர்ந்த கோழி ஒரு நாளில் பல முறை முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருப்பதையும், பொரிப்பகங்களில் முட்டைத் தட்டுகள் குறித்த நேரத்துக்கு ஒரு முறை சாய்வதையும் பார்த்தவர்கள், அதே வழக்கத்தைப் பாம்பு முட்டையிடம் கொண்டுசென்றால் உள்ளிருக்கும் கருவைத் தம் கையாலேயே கொன்றுவிடுவார்கள். பறவை முட்டையில் மஞ்சள் கருவை நடுவில் தாங்கி நிறுத்தும் வெண்ணிறத் திருகு இழைகள் இரண்டு உண்டு. பாம்பு முட்டையில் அவை இல்லை. முட்டை இடப்பட்ட ஓரிரு நாளுக்குள் கரு, மேற்புறமாக அமைந்த பகுதியில் ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு, அங்கே படரும் இரத்தக் குழாய்களின் வழியே காற்றைப் பெறத் தொடங்குகிறது. அதன்பின் முட்டை தலைகீழாகிவிட்டால் மஞ்சள் கரு முழுவதும் கருவின் மேல் அழுந்தவும், அந்தக் குழாய்கள் அறுபடவும் இடமுண்டு.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், கீழே சொல்லப்படுபவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும். வளர்ப்பில் வீணாகும் முட்டைகளில் பல, அலட்சியத்தால் அல்ல, அளவு மீறிய அக்கறையால் வீணாகின்றன. எடுத்துப் பார்ப்பது, தண்ணீர் தெளிப்பது, சூட்டைக் கூட்டுவது, குட்டி வெளிவரத் தாமதமானால் இழுத்துவிடுவது என்று எல்லாமே நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவைதான். வளர்ப்பவரின் வேலையில் பெரும்பகுதி முட்டை வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வந்தபின் காத்திருப்பதே எஞ்சியிருக்கும்.

இவ்வழிகாட்டி கார்ன் ஸ்நேக் எனப்படும் பாம்பை முதன்மையாகக் கொண்டது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட, நஞ்சற்ற, எலிகளைச் சுற்றி இறுக்கிக் கொன்று உண்ணும் இந்தப் பாம்பு, பல பத்தாண்டுகளாக வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வருவதால், புதியவர்கள் முதலில் கையாளும் முட்டைகள் பெரும்பாலும் இதனுடையவையாகவே இருக்கின்றன. மலைப்பாம்பு வகைகளுக்கு எங்கே வழி மாறுகிறது என்பதையும் இடையே சொல்கிறேன்.

தொடங்குமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதற்கோ, அவற்றின் முட்டைகளை எடுத்து வைத்துப் பொரிக்க முயல்வதற்கோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. கொல்லைப்புறத்தில் சாரைப்பாம்பின் முட்டைகளைக் கண்டவர் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டுமே தவிர, இதைப் படித்துவிட்டுப் பெட்டி தயாரிக்கக் கூடாது. நம்மூர்ப் பாம்புகளை வைத்துப் பராமரிக்கும் வேலை, கிண்டிப் பாம்புப் பண்ணை போன்ற அனுமதி பெற்ற இடங்களுக்கே உரியது. சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் செல்லப்பிராணியாக வைத்திருக்க முடியாது. பிரிட்டனில் கார்ன் பாம்புக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் நஞ்சுள்ள ஆபத்தான இனங்களுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். ஆகவே, வாழும் நாட்டின் விதியை உறுதிசெய்துகொண்டே ஆண் பாம்பையும் பெண் பாம்பையும் ஒன்றுசேர்க்க வேண்டும்.

தாயும் முட்டையிடும் பெட்டியும்

நல்ல முட்டை நல்ல தாயிடமிருந்தே வரும். கார்ன் பாம்பு வளர்ப்பவர்களிடையே வழங்கும் ‘மூன்று மூன்று’ கணக்கு எளியது: பெண் பாம்புக்கு மூன்று வயது, மூன்று அடி நீளம், 300 கிராம் எடை ஆகிய மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும். இளம் பெண் பாம்பு அதற்கு முன்பே கருத்தரித்துவிடக்கூடும். ஆனால் உடலின் சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் போதாமல் முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டால் தாயையே இழக்க நேரிடும். முட்டையிடத் தொடங்கி, ஓரிரு முட்டைகளோடு நின்றுவிட்டு, வயிற்றில் மேலும் முட்டைகள் புடைத்துத் தெரிய, ஒரு நாளுக்கு மேலும் ஒன்றும் வெளிவராமல் தாய் சோர்ந்து கிடந்தால், வயிற்றை அழுத்திப் பார்க்காமல் ஊர்வனவற்றில் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எண்ணெய் தடவி முட்டையைப் பிதுக்கி எடுக்கும் கைவைத்தியம் முட்டைக்குழாயைக் கிழித்துவிடும்.

கருவுற்ற பாம்பு முட்டையிடுவதற்கு ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு முன் ஒரு முறை சட்டை உரிக்கும். இதுதான் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான முன்னறிவிப்பு. அந்தத் தேதியை எழுதிவைக்க வேண்டும். அன்றே முட்டையிடும் பெட்டியும் கூண்டுக்குள் போய்விட வேண்டும். பாம்பு சுருண்டு திரும்பும் அளவுக்கு இடமுள்ள, ஒளிபுகாத, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அது நுழையுமளவு துளையிட்டு, உள்ளே ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியைப் பாதி உயரத்துக்கு நிரப்பினால் போதும். இந்தப் பெட்டியை வைக்கத் தவறியவர்கள் பலர், மறுநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முட்டைகளைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கூண்டிலேயே ஈரமான இடம் அது ஒன்றுதான் என்றால் தாய் அதைத்தான் தேர்ந்தெடுக்கும். தண்ணீருக்குள் நெடுநேரம் கிடந்த முட்டையில் கரு மூச்சுமுட்டிப் போகும். ஆகவே அந்த நாள்களில் பெரிய தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பாம்பு உள்ளே அமர முடியாத சிறு கிண்ணத்தை வைப்பது நல்லது.

இன்குபேட்டர்

முட்டை வந்தபின், அதை ஒரே சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டரை வாங்க ஓடுவது, பிள்ளை பிறந்தபின் தொட்டிலுக்கு மரம் தேடுவது போன்றது. சட்டை உரித்த அன்றே அதை இயக்கிவிட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் அது தன் வெப்பத்தை ஆடாமல் அசையாமல் நிறுத்திவைக்கிறதா என்று பார்த்த பின்பே முட்டையை அதனிடம் ஒப்படைக்கலாம்.

விலை உயர்ந்த கருவி கட்டாயமில்லை. மீன் ஏற்றுமதிக்குப் பயன்படும் தடித்த தெர்மாகோல் பெட்டி, அதன் அடியில் ஒரு ஹீட் மேட் (மின்சாரத்தால் சூடாகும் தட்டையான விரிப்பு) அல்லது வெப்பக் கம்பி, அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைத்துக் காட்டும் டிஜிட்டல் வெப்பமானி ஆகியவை இருந்தால் போதும். பெட்டியின் காலியிடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை அடுக்கிவைத்தால், கதவைத் திறந்து மூடும்போதும் மின்சாரம் சிறிது நேரம் நிற்கும்போதும் வெப்பம் சட்டென ஏறி இறங்காமல் அவை தாங்கிப்பிடிக்கும். தெர்மோஸ்டாட்டின் உணரியை வெப்பமூட்டும் தகட்டின் மேல் அல்லாமல், முட்டைகள் இருக்கப்போகும் உயரத்தில், முட்டைப் பெட்டிக்கு அருகே பொருத்த வேண்டும். வெப்பமானியோ முட்டைப் பெட்டிக்கு உள்ளேயே இருக்க வேண்டும், ஏனெனில் வெளிக்காற்றின் அளவும் பெட்டிக்குள்ளிருக்கும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு வெப்பமானிகள் ஒரு பாகை வேறுபட்டுக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன்; அன்றிலிருந்து எப்போதும் இரண்டை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கார்ன் பாம்பு முட்டைக்கு 27 முதல் 29 பாகை செல்சியஸ் வரை பொருத்தமானது. 28இல் நிறுத்தினால் ஏறத்தாழ 60 நாளில் பொரியும். வெப்பம் இதைவிடச் சில பாகை குறைந்தால் நாள்கள் நீண்டு 70ஐத் தாண்டும். பெரும்பாலும் அதனால் கேடில்லை. கூடினால்தான் கேடு. 32ஐத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் முதுகெலும்பு வளைந்த குட்டிகளும், முழுதாக வளர்ந்தபின் ஓட்டுக்குள்ளேயே இறந்த குட்டிகளும் கிடைக்கும். சீக்கிரம் பொரிக்கட்டும் என்று சூட்டைக் கூட்டுவதில் ஒரு பயனும் இல்லை. ஆமை, முதலை ஆகியவற்றில் முட்டையின் வெப்பநிலையே குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதுண்டு; பாம்புகளில் அது மரபணுவால் முடிவாவதால், வெப்பத்தை மாற்றிப் பெண் குட்டிகளைப் பெறலாம் என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை.

தெர்மோஸ்டாட் பழுதடைவது இரண்டு விதம். அணைந்த நிலையில் பழுதானால் முட்டைகள் குளிரும். சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூட, அதைத் தாங்கிக்கொள்ளும். எரிந்த நிலையில் சிக்கிக்கொண்டால் ஒரே இரவில் மொத்த முட்டைகளும் வெந்துபோகும். இதற்குக் காவலாக, முதல் தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் தரும் வழியில் இரண்டாவது ஒன்றை இணைத்து, அதை 30 பாகையில் துண்டிக்குமாறு வைத்துவிடுவது சிறிய செலவில் கிடைக்கும் பெரிய காப்பு. கோடையில் அறையின் வெப்பமே 30ஐத் தாண்டும் இடங்களில் இன்னொரு சிக்கல் எழும்: ஹீட் மேட் சூடேற்றுமே ஒழியக் குளிர்விக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இன்குபேட்டரை வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில், தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். இயன்றால் சூடாக்கவும் குளிர்விக்கவும் வல்ல கருவியைத் தேட வேண்டும்.

முட்டைப் பெட்டியும் ஈரமும்

இன்குபேட்டருக்குள் முட்டைகள் நேரடியாகக் கிடப்பதில்லை. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமான ஊடகத்தின் மேல் கிடக்கும். தோட்டப் பொருள் கடைகளில் கிடைக்கும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இலேசான கனிமத் துகளான வெர்மிகுலைட் இதற்குப் பழகிய பொருள். உலர்ந்த வெர்மிகுலைட்டின் எடைக்குச் சம எடை தண்ணீர் என்பது நம்பத்தக்க அளவு. அதாவது 200 கிராமுக்கு 200 மில்லிலிட்டர். அளவு எடைக்குத்தான், கொள்ளளவுக்கு அல்ல; ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் என்று கலந்தவர்கள் கூழைத்தான் பெறுவார்கள். கலந்தபின் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தால், கொழுக்கட்டை மாவைப் போலப் பிடித்த வடிவில் நிற்க வேண்டும், விரலிடையே தண்ணீர் சொட்டக் கூடாது. இதை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, விரலால் ஆழமற்ற குழிகள் இட்டு, முட்டைகளைப் பாதி புதையும்படி அமர்த்தலாம்.

பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டையினுடையதைப் போன்ற உடையும் ஓடு அல்ல. தோல் போன்று வளையும் தன்மையுடையது. அதன் வழியே தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் போய்வரும். பொரிக்கும் நாள் நெருங்குவதற்குள் நல்ல முட்டை இட்ட அன்றிருந்ததைவிடக் கனத்துப் பருத்திருப்பது இதனால்தான். ஈரம் குறைந்தால் முட்டை வற்றிச் சுருங்கும். மிகுந்தால் ஓடு அளவுக்கு மீறி நீரை உறிஞ்சி விறைத்து, காற்று புகும் வழி அடைபட்டு, கரு மூச்சுத் திணறும். இரண்டில் எது தீங்கு மிகுந்தது என்று கேட்டால், மிகை ஈரத்தையே சொல்வேன். சற்றே வற்றிய முட்டையை மீட்டுவிடலாம். மூழ்கிய முட்டைக்கு மருந்தில்லை.

ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட எடையால் அறிவது மேல். முட்டைகளை அமர்த்தி மூடியபின் பெட்டியை முழுதாக ஒரு முறை நிறுத்து, மூடியிலேயே எடையை எழுதிவிட வேண்டும். முட்டை உறிஞ்சிய நீரும் பெட்டிக்குள்தானே இருக்கிறது. ஆகவே பெட்டியின் மொத்த எடை குறைந்தால் அது வெளியேறிய ஈரத்தின் அளவே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார்த்து, குறைந்த கிராமுக்கு அதே அளவு வெதுவெதுப்பான தண்ணீரைப் பெட்டியின் ஓரமாக ஊடகத்தில் விட வேண்டும். முட்டையின் மேல் ஒரு துளியும் விழக் கூடாது. தெளிப்பானைப் பயன்படுத்தவே வேண்டாம். மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து முட்டைமேல் சொட்டினால், மூடியைத் துடைத்துவிட்டு, துளி ஓரமாக வழியும்படி பெட்டியைச் சற்றே சாய்த்து வைக்கலாம்.

இன்னொரு முறையும் உண்டு. பெட்டியின் அடியில் நன்றாக நனைந்த பெர்லைட்டை (தோட்டங்களில் பயன்படும் இலேசான வெண்ணிறக் கனிமத் துகள்) பரப்பி, அதன்மேல் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியை வைத்து, முட்டைகளைத் தட்டியின் மேல் அமர்த்துவது. முட்டை ஈரத்தைத் தொடாமல் நீராவியை மட்டும் பெறுகிறது என்பதால், தண்ணீரின் அளவில் கை தவறினாலும் பெருங்கேடு நேராது. எடைக்கருவி இல்லாதவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

முட்டைகளை எடுத்து அமர்த்துதல்

கார்ன் பாம்பு ஒரு முறைக்குப் பத்து முதல் இருபது வரை முட்டையிடும். எல்லாவற்றையும் இட்டு முடிக்கப் பல மணி நேரமாகும். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் தாய் இடம் மாறிப் பாதியைக் கூண்டின் மூலையில் இடும். முடித்தபின் அது முட்டைகளைக் காக்காமல் தானே விலகிப் போய்விடும். அதன்பின், கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முட்டைகளை எடுக்கலாம்.

முட்டை எந்த நிலையில் கிடந்ததோ அதே நிலையில்தான் புதிய பெட்டியிலும் கிடக்க வேண்டும். எடுக்குமுன் ஒவ்வொன்றின் உச்சியிலும் மென்மையான பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. மார்க்கர் பேனாவின் மை ஓட்டின் வழியே ஊடுருவக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடப்பது இயல்பே. இட்ட சில மணி நேரத்துக்குள், ஓடு இன்னும் ஈரமாக இருக்கையில், எளிதாகப் பிரிந்துவருபவற்றைப் பிரிக்கலாம். காய்ந்தபின் இழுத்தால் ஓடு கிழியும். அப்போது கொத்தை அப்படியே தூக்கி வைப்பதுதான் சரி.

வெண்மையாக, விறைப்பாக, தொட்டால் உலர்ந்த தோல் போல இருப்பவை நல்ல முட்டைகள். சிறுத்து, மஞ்சளித்து, மெழுகு போல இருப்பவை பெரும்பாலும் கூமுட்டைகள். இருட்டறையில் சிறு டார்ச் விளக்கை ஓட்டின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்: கருவுள்ள முட்டையில் இளஞ்சிவப்பு ஒளியும், ஒரு வாரத்துக்குள் செந்நிற நரம்புப் பின்னலும் தெரியும், கூமுட்டை ஒரே சீரான மஞ்சளாக ஒளிரும். இதைச் செய்யும்போதும் முட்டையைத் தூக்காமல், விளக்கை முட்டையிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஐயம் இருந்தால் எறியக் கூடாது. தேறாது என்று எல்லோரும் ஒதுக்கிய சிறிய மஞ்சள் முட்டையிலிருந்து குட்டி தலைநீட்டிய கதை வளர்ப்பவர்கள் பலரிடமும் உண்டு.

காத்திருக்கும் இரண்டு மாதம்

முதல் ஆறு வாரத்தில் வாரத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, அரை நிமிடம் காற்றோட்டம் தந்து, ஒரு பார்வை பார்த்து மூடினால் போதும். குட்டி வளர வளர அதற்குக் காற்று மிகுதியாகத் தேவைப்படும் என்பதால், கடைசி இரண்டு மூன்று வாரங்களில் இதை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக்க வேண்டும். இறுக மூடிய பெட்டியில் முழு வளர்ச்சி பெற்ற குட்டிகள் வரிசையாக இறந்து கிடப்பதற்கு இந்தக் காற்றுக் குறைவு ஒரு முக்கியக் காரணம்.

பூஞ்சை தோன்றினால் பதற வேண்டியதில்லை. உயிருள்ள முட்டை பெரும்பாலும் பூஞ்சையைத் தன்மேல் பரவவிடாது. செத்த முட்டையில்தான் அது செழிக்கும். தனியாகக் கிடக்கும் கெட்ட முட்டை, நாறி நீர் கசியத் தொடங்கியதும் அகற்றப்பட வேண்டும். கொத்தில் ஒட்டிய ஒன்று கெட்டுப்போனால் அதைப் பிய்த்தெடுக்க முயன்று அண்டை முட்டையைக் கிழிப்பதைவிட, பூஞ்சையை உலர்ந்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். செத்த முட்டையின் அருகிலேயே நல்ல முட்டை பொரிவது அரிதன்று. கெட்ட முட்டையின் வாடைக்குச் சிறு ஈக்கள் வந்து முட்டையிட்டு, அவற்றின் புழுக்கள் நல்ல முட்டைக்குள்ளும் நுழைவதுண்டு. காற்றுத் துளைகளை மெல்லிய வலைத்துணியால் மூடுவது அதற்காகவே.

முட்டையில் குழி விழுவதுதான் புதியவர்களை மிகவும் அச்சுறுத்துகிறது. அதன் பொருள் எப்போது விழுந்தது என்பதைப் பொறுத்தது. முதல் சில வாரங்களில் பல முட்டைகளும் சேர்ந்து குழிந்தால் ஈரம் போதவில்லை. ஓரமாகத் தண்ணீர் சேர்த்தால் சில நாளில் மீண்டும் புடைத்துவிடும். கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் குழிவது இயல்பு. உள்ளிருக்கும் குட்டி நீரையும் மஞ்சள் கருவையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. அப்போது தண்ணீர் ஊற்றுவதே தவறு.

மலைப்பாம்புகளிடம் எங்கே வழி மாறுகிறது

வளர்ப்பில் பரவலாக உள்ள பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு முட்டைகள் இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு காக்கும். அதன் முட்டைகளுக்கு 31 முதல் 32 பாகை தேவை. தாயிடமே விட்டுவிடுவதும் ஒரு வழி. அதன் சுருள் முட்டைகளின் ஈரம் வற்றாமல் காக்கிறது. ஆனால் அந்த இரண்டு மாதமும் அது பெரும்பாலும் இரை எடுக்காது என்பதால், மெலிந்த தாயிடம் அந்தச் சுமையை வைக்கக் கூடாது. முட்டைகளை எடுப்பதென்றால் முதலில் தாயின் தலையை ஒரு துணியால் மூடி, சுருளை வாலிலிருந்து மெதுவாகப் பிரிக்க வேண்டும்.

பெரிய மலைப்பாம்புகள் இதைவிட ஒரு படி மேலே போகின்றன. பர்மிய மலைப்பாம்பு அடைகாக்கும்போது தசைகளை விடாது துடிக்கவைத்துத் தன் உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. 1841இல் பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் இதை வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அதை முறையாக அளந்த ஆய்வு 1966இல் வெளியாயிற்று. குளிர் இரத்தப் பிராணி என்று பள்ளியில் படித்த பாம்பு தன் முட்டைக்காகத் தானே அடுப்பாக மாறுகிறது. கார்ன் பாம்பின் முட்டைக்கு அந்த வசதியில்லை. தாயகத்தில் உளுத்த மரக்கட்டையின் ஈரமும் மட்கும் இலைகளின் சூடும் செய்யும் வேலையை, வளர்ப்பில் நம் பெட்டிதான் செய்தாக வேண்டும்.

பொரியும் நாள்

55ஆம் நாளுக்குப் பிறகு தினமும் ஒரு முறை பார்க்கலாம். முதல் அடையாளம் ஓட்டின் மேல் தோன்றும் ஒரு கீறல். குட்டியின் மேல்தாடை நுனியில் இதற்கென்றே ஒரு சிறு பல் முளைத்திருக்கும். அதனால் ஓட்டைச் சவரக் கத்தியால் கிழித்ததுபோலப் பல இடங்களில் கிழிக்கும். பொரிந்த சில நாளில் அந்தப் பல் உதிர்ந்துவிடும். பின்னர் கீறலின் வழியே மூக்கு நீளும். நாம் நெருங்கினால் உள்ளே மறையும்.

இங்கேதான் பொறுமை மிகவும் தேவை. மூக்கை நீட்டிய குட்டி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், அப்படியே இருக்கும். அது சோம்பிக் கிடக்கவில்லை. நுரையீரலால் மூச்சுவிடப் பழகிக்கொண்டு, மிஞ்சிய மஞ்சள் கருவைத் தொப்புளின் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை அப்போது வெளியே இழுத்தால் தொப்புள் குழாய் அறுந்து இரத்தம் ஒழுகியே இறந்துபோகும். அடிக்கடி சீண்டப்பட்ட குட்டி அஞ்சி, மஞ்சள் கருவை முழுதும் இழுக்காமலே வெளியே பாய்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே கீறல் தெரிந்ததும் மூடியைத் தளர்வாக மூடி, நாளுக்கு ஒரு முறைக்கு மேல் திறக்காமல் விட்டுவிட வேண்டும்.

ஒரே தொகுதி முட்டைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் பொரிந்து முடியும். சில மட்டும் கீறலின்றி நின்றுவிட்டால் கத்தரிக்கோலால் திறப்பதா என்ற கேள்வி எழும். பால் பைத்தான் வளர்ப்பவர்களில் பலர், முதல் குட்டி தலைகாட்டுவதற்கு முன்பே நாள் கணக்கு வைத்து எல்லா முட்டைகளையும் வெட்டித் திறக்கிறார்கள். அதில் பாதிக்குக் காரணம், உள்ளிருக்கும் குட்டியின் நிறத்தைப் பார்த்துவிடும் ஆவல் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் குட்டி ஓட்டைக் கீறி இரண்டு நாள் முழுதாகக் கழிந்தபின்னும் அசையாத முட்டையை மட்டும் திறப்பது நியாயமானது. உச்சியில், விளக்கொளியில் நரம்பு தெரியாத இடமாகப் பார்த்து, கூர்மையான சிறு கத்தரிக்கோலால் ஓட்டைக் கிள்ளியதுபோலத் தூக்கி, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல் வெட்ட வேண்டும். இரத்தம் கசிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வெட்டு என்பது காற்று நுழையவும் குட்டி தானே வெளிவரவும் ஒரு சன்னல். குட்டியை வெளியே எடுப்பதற்கான கதவு அல்ல.

வயிற்றில் மஞ்சள் கருப் பை தொங்க வெளிவந்த குட்டியை, ஈரமான டிஷ்யூ தாள் விரித்த சிறு டப்பாவில் தனியாக இட்டு, இன்குபேட்டருக்குள்ளேயே வைக்க வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் பை உள்ளே போய்விடும் அல்லது காய்ந்து உதிரும். நூல் கட்டி அறுப்பது, இழுப்பது எதுவும் வேண்டாம். ஓட்டுத் துண்டோ வெர்மிகுலைட்டோ பையில் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தானாக விழவிட வேண்டும்.

முதல் வாரங்கள்

பிறந்த கார்ன் பாம்புக் குட்டி 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளமும் பென்சிலைவிட மெலிந்த உடலும் கொண்டது. பென்சில் நுழையும் இடைவெளியில் அது வெளியேறிவிடும் என்பதையும் அதே மூச்சில் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு டப்பாவில், காற்றுத் துளைகளும், ஈரத் தாளும், ஒளிந்துகொள்ள ஒரு மடித்த தாளும், ஆழமற்ற நீர்க்கிண்ணமும் வைத்து விட வேண்டும். ஏழு முதல் பத்து நாளில் முதல் சட்டையை உரிக்கும். அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே அதற்கு உணவு. சட்டை உரித்து மூன்று நான்கு நாள் கழித்து, பிறந்து மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்றை, உறைநிலையிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கித் தரலாம். மறுத்தால் எடுத்துவிட்டு, ஐந்து நாள் தொடாமல் விட்டு, மறுபடி மாலை இருளில் வைக்கலாம். ஊர்வன சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், டப்பாக்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமலும், ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவியும் இந்த வேலைகளைச் செய்ய வேண்டும்.

பொரியாமல் மிஞ்சிய முட்டைகளை அப்படியே குப்பையில் போட்டுவிடாமல், கையுறை அணிந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் குறித்துவைப்பது அடுத்த ஆண்டுக்கு உதவும். உள்ளே கருவே இல்லையென்றால் ஆண் பாம்பையோ இணை சேர்ந்த காலத்தையோ பார்க்க வேண்டும். விரல்நுனி அளவில் கரு நின்றுபோயிருந்தால், எடுத்து அமர்த்தும்போது முட்டை புரண்டதா, முதல் வாரங்களில் வெப்பம் ஏறி இறங்கியதா என்று குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும். முழுதாக வளர்ந்து, செதிலும் நிறமும் வந்து, ஓட்டைக் கீறாமல் இறந்திருந்தால் கடைசி வாரங்களின் சூடு, ஈரம், காற்று ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பிழை. பெட்டியின் மூடியில் எழுதிய எடையும், வெப்பமானி நினைவில் வைத்திருக்கும் அதிகபட்ச அளவும் அது எது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.